பெட்ரோல் டேங்கில் ஆர்.ஓ. கனெக்டர்

நான் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பத்தாம் வகுப்புவரை படித்தவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. பஸ்ஸில் "இறங்கணும்" என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்த நாட்கள் உண்டு. இப்படிப்பட்டவள் எழுதுவதைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் என் வீட்டுக்காரர், பழைய வண்டி வைத்திருப்பவர்களின் வாட்ஸாப் குழுவில் இதே விஷயத்தை எழுதியிருக்கிறார். படங்களோடு, பாகம் பாகமாக. அதைப் படித்து ஊரில் உள்ள ஆம்பளைகள் எல்லாம் கை தட்டியிருக்கிறார்கள். அதில் மாவைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர் எழுதலாம் என்றால் நானும் எழுதலாம் என்று தோன்றிவிட்டது.

அஸ்தினாபுரத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு சொந்த வீடு. நான் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். சமையலறையில் பாதியை இரண்டு பெரிய கிரைண்டர்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. அரைத்த மாவை மூடி போட்ட வெள்ளை டிரம்களில் ஊற்றி, சமையலறையில் கொள்ளும் அளவு அங்கேயும், மிச்சத்தை முன்பக்கப் போர்ட்டிகோவிலும் புளிக்க வைப்பேன். தெருவில் இருப்பவர்கள் சாயங்காலம் வந்து பாக்கெட் வாங்கிப் போவார்கள். ஆனால் அதை நம்பி இந்தத் தொழில் நடக்கவில்லை. தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு பெண்கள் ஹாஸ்டல் இருக்கிறது. அதை நடத்தும் அக்கா தினமும் டிரம் கணக்கில் மாவு எடுக்கிறார். அந்த ஹாஸ்டல் போனால் நான் கிரைண்டரை விற்றுவிட வேண்டியதுதான். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி வேலை போனதிலிருந்து எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அந்த மாவில்.

அதே போர்ட்டிகோவில்தான் அவருடைய பழைய மோட்டார் சைக்கிளும் நிற்கிறது. கல்யாணத்துக்கு முன்பு வாங்கியது. பல வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. வேலை இல்லாமல் வீட்டில் இருக்க ஆரம்பித்ததும், அவருக்கு அந்த வண்டியின்மேல் திடீரென்று பாசம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தக் குழுக்காரர்கள் கோவளம்வரை போய், வண்டிகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு, காபி குடித்துவிட்டுத் திரும்பி வருவார்கள். அறுபதை நெருங்கும் ஆம்பளைகள், தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, சென்னை வெயிலில். அந்தப் படத்தில் தானும் நிற்க வேண்டும் என்பது இவருடைய ஆசை.

வண்டியில் ஒரு கோளாறு. நான் தினமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அந்த டேங்க், குதிரைமேல் போடும் சேணம்போல நடுக்கம்பியின் இரண்டு பக்கமும் தொங்கும். இரண்டு பக்கத்துப் பெட்ரோலும் ஒன்றாகச் சேர, அடியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒரு சின்ன டியூப் போகிறது. டியூபின் இரண்டு முனையையும் சொருக, டேங்கில் பக்கத்துக்கு ஒரு இரும்பு மூக்கு. இன்ஜினுக்குப் போகிற பெட்ரோலை நிறுத்த ஒரு திருகு உண்டு. இந்தக் குறுக்கு டியூபுக்குத் திருகு கிடையாது. டேங்கில் பெட்ரோல் இருக்கும்வரை அதிலும் பெட்ரோல் இருக்கும்.

டியூப் வெடித்திருந்தது. அதை மாற்றுகிறேன் என்று இவர் இடுக்கியைப் போட்டு முறுக்கியதில், துருப்பிடித்த மூக்கு ஒன்று கையோடு வந்துவிட்டது. இன்னொன்றும் அப்படியே வருமா என்று பார்த்தார். அதுவும் வந்தது.

குரோம்பேட்டையில் ஒரு மெக்கானிக், லேத்தில் கொடுத்துப் பித்தளையில் புதிதாகச் செய்துதர ஒரு வாரம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார். ஒரு வாரம்! பல வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த வண்டிக்கு ஒரு வாரம் பொறுக்க முடியவில்லை.

"அவனுங்களுக்குப் பழைய வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நாமளே பண்ணிக்கலாம்" என்றார்.

நாமளே என்றால் மூன்று பேர். இவர் ஒருவர். எதிர்வீட்டு சார் ஒருவர். ஏதோ அரசாங்க அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் பற்றிக் கேட்டாலும் அவரிடம் பதில் இருக்கும். கேட்காவிட்டாலும் இருக்கும். மூன்றாவது ஆள் என் சொந்தத் தம்பி. பொழிச்சலூரில் இருக்கிறான். குடிதண்ணீர் சுத்தம் செய்யும் ஆர்.ஓ. மிஷின் மாட்டிக்கொடுப்பது அவன் தொழில். எங்கள் பக்கத்து போர் தண்ணீரை அப்படியே வாயில் வைக்க முடியாது என்பதால் வீட்டுக்கு வீடு அந்த மிஷின் உண்டு. தம்பிக்கு வேலைக்குக் குறைவில்லை. ஆனாலும் அவன் எந்நேரமும் எங்கள் போர்ட்டிகோவில்தான் குந்திக்கொண்டிருப்பான்.

அவன்தான் அந்த மகத்தான யோசனையைச் சொன்னது. பையிலிருந்து ஒரு பிடி வெள்ளைப் பிளாஸ்டிக் கனெக்டர்களை எடுத்துத் தரையில் போட்டான்.

"மாமா, இதுக்குப் போயி ஒரு வாரம் வெயிட் பண்ணுவாங்களா? இத்த மாட்டு. டியூப சொருகுனா அதுவே புடிச்சிக்கும். கிளிப்பு வேணாம், ஸ்பேனரு வேணாம்."

"தண்ணிக்கு உள்ளதை பெட்ரோலுக்கா மச்சான்?"

"இன்னா மாமா நீ, தண்ணியும் ஓடுது, பெட்ரோலும் ஓடுது. ஆர்.ஓ.ல மோட்டார் எவ்ளோ பிரஷர்ல அடிக்குது தெரியுமா? உன் டேங்க்ல இன்னா பிரஷர் கீது? சும்மா வழியுது."

எதிர்வீட்டு சார் ஒரு கனெக்டரை எடுத்து, வைரம் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பிரின்சிபிள் கரெக்ட். ஃபுட் கிரேடு மெட்டீரியல் சார் இது. மனுஷன் குடிக்கிற தண்ணிக்கே சேஃப்னா, வண்டிக்கு என்ன?"

நான் உள்ளே உளுந்து கழுவிக்கொண்டிருந்தேன். மனிதன் குடிப்பதற்குப் பாதுகாப்பானது என்பதற்கும் பெட்ரோல் தாங்கும் என்பதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தோன்றியது. மண்ணெண்ணெய் வாங்கிய காலத்தில் பால் பாக்கெட் கவரிலா வாங்கி வந்தோம்? ஆனால் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் எனக்கு விளக்கியிருப்பார்கள். அதைவிட உளுந்து கழுவுவது மேல்.

மரை சரியாகப் பொருந்தவில்லை. பொருந்தாததைப் பொருத்துவதற்குத்தான் பிளம்பர் சுற்றுகிற வெள்ளை டேப் இருக்கிறதே. மருத்துவமனையில் கட்டுப் போடுவதுபோலச் சுற்றினார்கள். மாட்டினார்கள். கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிப் பார்த்தார்கள். ஒழுகவில்லை. மூன்று பேரும் டேங்குக்கு அடியில் தலையை விட்டு, ஒழுகவில்லை என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காபி கேட்டார்கள்.

அன்றைக்கே குழுவில் எழுதிவிட்டார். "நம்ம ஊர் மூளை" என்று தலைப்பு வேறு. யாரோ ஒருவர் நங்கநல்லூரிலிருந்து போன் பண்ணி, எந்த அளவு கனெக்டர் என்று கேட்டார். என் தம்பி போனை வாங்கி, ஏதோ ஆபரேஷன் செய்த டாக்டர்போலப் பேசினான்.

சில நாள் கழித்து, காலையில் டிரம் மூடியைத் திறந்தபோது மாவு வாசனையோடு வேறு ஒரு வாசனை வந்தது. குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். தரையில் ஒரு திட்டு, உலர்ந்த மாதிரியும் உலராத மாதிரியும் இருந்தது. வெள்ளைக் கனெக்டர் மஞ்சளாகி உப்பியிருந்தது. தொட்டால் வெந்த சேமியாபோல வழுவழுவென்று இருந்தது.

"என்னங்க, பெட்ரோல் கசியுது. மாவுல வாசனை ஏறுது."

"கசியல. லேசா வேர்க்குது. புது பார்ட்டுன்னா செட் ஆகுறவரைக்கும் அப்படித்தான்."

வேர்க்கிறதாம். தெருவில் சாமான் விற்கிறவன்கூட இப்படிப் பேச மாட்டான்.

எதிர்வீட்டு சாரைக் கூட்டி வந்தார். அவர் டிரம்மைத் திறந்து முகர்ந்து பார்த்தார். மாவைத் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயிலில் தீபாராதனை பார்ப்பதுபோலக் குனிந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"சார், இது ஃபெர்மென்டேஷன் ஸ்மெல். மாவு புளிக்கிறப்போ ஆல்கஹால் உண்டாகும். இப்ப வர்ற பெட்ரோல்லயும் எத்தனால் கலக்குறான், அதுவும் ஆல்கஹால்தான். ரெண்டும் ஒரே ஃபேமிலி. மேடம் கன்ஃப்யூஸ் ஆகுறாங்க."

இத்தனை வருடமாக மாவு புளிக்க வைக்கிற எனக்கு மாவு வாசனை தெரியவில்லையாம். காபியில் சர்க்கரை குறைவு என்பதைக்கூட மனைவி சொல்லித் தெரிந்துகொள்கிற மனிதர் என் மூக்கைத் திருத்துகிறார். என் வீட்டுக்காரர் பெரிய உண்மை தெரிந்ததுபோலத் தலையை ஆட்டினார். தம்பி, "சார் மூளையே மூளை" என்றான். நான் டிரம்மை மூடினேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

சமையலறையில் இடம் பண்ணி இன்னும் கொஞ்சம் டிரம்களை உள்ளே இழுத்துப்போட்டேன். கால் வைக்க இடம் இல்லாமல் போயிற்று. மீதி வெளியேதான். பக்கத்துத் தெரு டீச்சர் ஒருவர் பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். நல்ல பெண்மணி. சண்டை போடவில்லை. "அக்கா, தோசை சுட்டா வீடே பெட்ரோல் பங்க் மாதிரி இருக்கு" என்று மட்டும் சொன்னார். அவருக்கு வேறு பாக்கெட் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஹாஸ்டல் அக்கா போன் பண்ணினார். அவருக்கு எப்போதும் அவசரம், எப்போதும் சத்தம்.

"ஏம்மா, மாவுல என்னத்தைக் கலக்குற? பிள்ளைங்க இட்லியைத் தொட மாட்டேங்குது. பெட்ரோல் நாத்தம்னு ஒண்ணு வீடியோ எடுத்து அவங்க அம்மாவுக்கு அனுப்பிட்டா. நான் யாருக்குப் பதில் சொல்ல?"

"தெரியாம ஆயிடுச்சுக்கா. சரி பண்ணிடறேன்."

"இன்னிக்கு நாளைக்கு ரவா உப்புமா போட்டுச் சமாளிச்சுக்கறேன். ஞாயித்துக்கிழமை எல்லாம் ஹாஸ்டல்லதான் இருப்பாங்க. அன்னிக்கும் இப்படி வந்துச்சுன்னா இனிமே மாவு ஆட்டோவை இந்தப் பக்கம் அனுப்பாத. உன் மேல கோவம் இல்ல. எனக்கும் பொழப்பு இருக்கு."

இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் யோசித்தார். நல்ல பதில் வரப்போகிறது என்று நினைத்தேன். "நாளைக்கு மச்சானை வரச்சொல்றேன், புது கனெக்டர் மாட்டிடலாம்" என்றார். மெக்கானிக்கிடம் சொல்லியிருந்தால் பித்தளை மூக்கு இதற்குள் வந்திருக்கும். அதைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

சனிக்கிழமை மதியம் நான் அரைத்து முடித்து டிரம்களை வைத்தபோது மூன்று பேரும் வண்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். உப்பிய கனெக்டரைப் பிடுங்கிவிட்டு அதே கம்பெனி, அதே அளவு, அதே வெள்ளைக் கனெக்டர் மாட்டினார்கள். இந்த முறை மேலே பசை பூசினார்கள். அதுதான் வித்தியாசம். ஒரு தடவை தவறு செய்தால் தெரியாமல் செய்தார்கள் எனலாம். அதே தவறுக்கு மேல் பசை பூசுகிறவர்களை என்ன சொல்ல?

மறுநாள் கோவளம் போக வேண்டும் என்பதால் பசை காயும் முன்பே கேன் கேனாகப் பெட்ரோல் வாங்கி வந்து டேங்கை நிரப்பினார்கள். நிரப்பிக் கொஞ்ச நேரத்தில் சொட்டு விழுந்தது. அப்புறம் இன்னொரு சொட்டு. டிரம்கள் ஒரு கை எட்டும் தூரத்தில் இருந்தன.

"என்னங்க, இன்னிக்கு ஒரு ராத்திரி வண்டியைத் தெருவுல நிறுத்துங்க" என்றேன். மூன்று பேர் முன்னால் நான் பேசியதே பெரிய விஷயம். குரல் எனக்கே கேட்கவில்லை.

"தெருவுலயா? பழைய வண்டிக்கு என்ன டிமாண்டு தெரியுமா? காலைல பார்த்தா ஹாண்டில்பார்கூட இருக்காது."

"டிரம்மை எல்லாம் உள்ள எடுத்துக்க வேண்டியதுதானே அக்கா?" என்றான் தம்பி.

"எங்க வைப்பேன்? என் தலைமேலயா?"

அவன் சிரித்தான். "பாத்தியா மாமா, அக்கா ஜோக்கெல்லாம் அடிக்குது."

அப்போது எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. கோபம் என்றால் அழுகை வர வேண்டும்; எனக்கு எப்போதும் அப்படித்தான். அன்றைக்கு அழுகை வரவில்லை. இந்த மூன்று பேரிடம் பேசி ஆகப்போவது ஒன்றும் இல்லை என்பது, குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்பதுபோல, சாதாரணமாகத் தெரிந்தது. உள்ளே போய் அடுப்பையும் பூஜை விளக்கையும் அணைத்தேன். அரிசி ஊறவைக்கும் பெரிய குண்டானை எடுத்து வந்து வண்டிக்கு அடியில் வைத்தேன். உட்கார்ந்தேன்.

என் சமையலறை ஆர்.ஓ. மிஷினுக்குத் தம்பி ஒருநாளும் சொன்ன நேரத்தில் வந்ததில்லை. அதனால் ஃபில்டர் மாற்றுவதை நானே செய்து பழகியிருந்தேன். கனெக்டர் வாயில் ஒரு வளையம் இருக்கும். அதை விரலால் அழுத்திக்கொண்டு இழுத்தால் டியூப் வந்துவிடும். அழுத்தினேன். இழுத்தேன்.

பெட்ரோல் குண்டானில் கொட்டியது.

"ஏய்! ஏய்! ஃபுல் டேங்க்!" என்று வீட்டுக்காரர் கத்தினார்.

"அக்கா, இன்னாக்கா பண்ற? வுடுக்கா!"

யாரும் கிட்டே வரவில்லை. பெட்ரோல் என்றால் அவ்வளவு பயம் இருக்கிறது அவர்களுக்கும். மூன்று பேரும் கிரில் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டு அங்கிருந்து எனக்கு ஆலோசனை சொன்னார்கள். டேங்க் காலியாகும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

குண்டான் நிறையப் பெட்ரோல். அதை எங்கே வைப்பது? கேன்களில் திரும்ப ஊற்றினார் வீட்டுக்காரர். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. "சார், காலைலவரைக்கும் உங்க போர்ட்டிகோவுல இருக்கட்டும்" என்று எதிர்வீட்டு சாரிடம் கேட்டார்.

சார் ஒரு அடி பின்னால் போனார். "அய்யய்யோ, வேணாம் சார். எங்க வீட்ல டஸ்ட் அலர்ஜி. பெட்ரோல் ஸ்மெல் ஒரு தடவை வந்துதுன்னா ரெண்டு நாளைக்குப் போகாது."

நான் அவரையே பார்த்தேன். அவர் ஃபெர்மென்டேஷன் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. வீட்டில் யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். யாரும் கூப்பிடவில்லை.

"மச்சான், உன் வேன்ல எடுத்துட்டுப் போயேன்."

"மாமா, வேன்ல ஃபுல்லா ஃபில்டரு கீது. கேண்டில், கார்பன் எல்லாம். நாத்தம் புடிச்சிக்கினா கஸ்டமர் மூஞ்சிலயே வீசுவான்."

ஃபில்டருக்கு நாற்றம் பிடிக்கும். மாவுக்குப் பிடிக்காது. இவன் என் கூடப் பிறந்தவன் என்று வெளியில் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கடைசியில் கேன்கள் மொட்டை மாடிக்குப் போயின. வண்டி காலி டேங்கோடு நின்றது. வீட்டுக்காரர் குழுவில், எதிர்பாராத காரணத்தால் நாளை வர இயலவில்லை என்று போட்டார். உடனே வரிசையாக அழுகிற பொம்மைகள் வந்து விழுந்தன.

நான் போர்ட்டிகோவை சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். ஃபேனைத் தூக்கி வந்து போட்டேன். பிறகு டிரம்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தேன்.

ஒன்றும் தெரியவில்லை. சமையலறை டிரம்மும் போர்ட்டிகோ டிரம்மும் ஒரே மாதிரி இருந்தன. ஒரு வேளை ஒன்றுமே ஏறவில்லையோ என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். பிறகு குண்டானை எடுத்து முகர்ந்தேன். அதுவும் அப்படித்தான் இருந்தது. குண்டானைத் தேய்க்க எடுத்து வைத்திருந்த சீயக்காய்ப் பொடியை முகர்ந்தேன். அதிலும் வாசனை இல்லை. இத்தனை நாள் அந்தக் காற்றிலேயே இருந்து, அன்றைக்கு முகத்துக்கு நேராக ஒரு டேங்க் பெட்ரோலை வடித்து, என் மூக்கு செத்துப்போயிருந்தது.

வேறு யாரைக் கேட்பது? வீட்டுக்காரரும் அதே காற்றில் இருந்தவர். தம்பி கிளம்பிவிட்டான். எதிர்வீட்டு சாரின் மூக்கைப் பற்றித்தான் தெரியுமே. புதிதாக அரைக்கலாம் என்றால் அரிசி ஊற வேண்டும், மாவு புளிக்க வேண்டும், அதற்கு நேரம் இல்லை. மூடிகளை மூடினேன். போர்ட்டிகோவில் இருந்த டிரம்களின் மூடியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்தேன்.

"அதான் எடுத்தாச்சே, இன்னும் என்ன?" என்றார் வீட்டுக்காரர். வெறும் டேங்கை ஒரு துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் ஆட்டோக்காரருக்குப் போன் பண்ணி, காலையில் நானும் வருகிறேன் என்று சொன்னேன்.

மறுநாள் காலையில் எல்லா டிரம்களையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நானே ஹாஸ்டலுக்குப் போனேன். அக்கா ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்த்தார். கோடு போடாதவற்றை இறக்கிக்கொண்டு, கோடு போட்டவற்றை அதே ஆட்டோவில் திருப்பி அனுப்பினார். திங்கட்கிழமையிலிருந்து பாதி மாவு போதும், மீதிக்கு வேறு ஒரு இடத்தில் சொல்லிவிட்டேன் என்றார்.